சமுதாயக் கூடத்துச் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

கிழக்கு ஊரணி

எங்கள் ஊர் காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். பெயரைச் சொல்லவில்லை, இந்தக் கதையில் வருகிறவர்கள் எல்லாரும் எனக்கு வேண்டியவர்கள். ஊரணிக் கரையில் ஒரு சமுதாயக் கூடம் உண்டு. முன்னால் இரண்டு பக்கமும் திண்ணை, உள்ளே நூறு பேர் பந்தி உட்காரக்கூடிய கூடம், பின்னால் கோட்டை அடுப்பு போட்ட சமையல்கட்டு. நான் எட்டாவது படிக்கும்போது அங்கே இருந்த டிவியைத்தான் ஊரே பார்த்தது. காலையில் பெரியவர்கள் பேப்பர் படிப்பார்கள். சாயங்காலம் ஒருவர் டைப்பிங் சொல்லிக்கொடுப்பார். திருவிழாவுக்கு வரும் நாடகக்காரர்கள் அங்கேதான் தங்குவார்கள்.

22 வருஷம் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போன தை மாதம் ஊருக்கே வந்துவிட்டேன். கூடத்துக்குப் போனால் பூட்டுத் தொங்கியது. சாவி யாரிடம் என்று கேட்டேன். நாலு பேர் நாலு பெயர் சொன்னார்கள். கடைசியில் மதுரையில் மகன் வீட்டில் இருக்கும் ஒரு பெரியவரிடம் இருப்பதாகத் தெரிந்தது. போனில் கேட்டதும், "ஆமாப்பா, பீரோவுல பத்திரமா வச்சிருக்கேன்" என்றார். ஏழு வருஷமாகப் பத்திரமாக இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அண்டாக்கள் கவிழ்ந்து கிடக்கின்றன, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை முழுக்கப் புறா எச்சம்.

நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்திருக்கிறோம். வெள்ளையடிக்கப் பணம் திரட்டிவிடலாம். திறந்த பிறகு ஆறு மாதத்தில் மறுபடி பூட்டு விழாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? உங்கள் ஊரில் எப்படி நடக்கிறது? கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவதா, பிள்ளைகள் படிக்க விடுவதா, இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியுமா? நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கிளார்க்

ஊராட்சி அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். வெள்ளையடிப்பதற்கு முன்னால் கூடம் யாருடையது என்று பாருங்கள். ஊராட்சி கட்டியதாக இருந்தால் அதன் சொத்துப் பதிவேட்டில் இருக்கும். அப்படி இருந்தால் வாடகையை ஊராட்சித் தீர்மானம் போட்டுத்தான் வைக்க வேண்டும், ரசீது போட்டுத்தான் வாங்க வேண்டும். நீங்கள் எட்டுப் பேர் தனியாக வசூல் செய்தால் நாளைக்கு ஒருவர் புகார் எழுதுவார், மறுபடியும் பூட்டுத்தான்.

பதிவேட்டில் இல்லை, ஊர்க்காரர்கள் சேர்ந்து கட்டியது என்றால் சங்கமாகப் பதிந்துவிடுங்கள். 1975-ஆம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும். வருஷத்துக்கு ஒரு பொதுக்குழு, நிர்வாகிகள் பட்டியல், கணக்கு எல்லாம் தவறாமல் தாக்கல் செய்ய வேண்டும். பதிந்த சங்கங்களில் பல, இந்தக் கடைசி வேலையை இரண்டு வருஷம் விட்டுவிட்டுத்தான் முடங்கிப்போகின்றன.

எந்த வகையாக இருந்தாலும் கிராம சபையில் விஷயத்தை வையுங்கள். இப்போது வருஷத்துக்கு ஆறு கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எழுதிக் கொடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வாயால் சொன்னது நிற்காது.

கோலாலம்பூர்க்காரன்

தம்பி, படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. எங்கள் ஐயா காலத்தில் பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் அனுப்பிய பணத்தில்தான் நம் பக்கத்து ஊரணி, சத்திரம், பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன. நானும் என் பங்குக்குச் செய்கிறேன். கூடத்துக்கு நாலு ஏசி போட்டுத் தருகிறேன். கல்யாணக்காரர்கள் தானாக வருவார்கள்.

பள்ளத்தூர் ஆச்சி

தம்பி, உங்கள் மனசு பெரிசு. ஆனால் ஏசி வேண்டாம். இருக்கிற கூடத்துக்கு உயரமான ஓட்டுக் கூரையும் எதிரெதிர் ஜன்னலும் இருந்தால் சித்திரையில்கூட மின்விசிறியே போதும். ஏசி போட்டால் ஜன்னலை அடைப்பார்கள், கரண்டு பில் ஏறும், பில்லுக்காக வாடகை ஏறும். அப்புறம் ஏழை வீட்டு வளைகாப்புக்கு அந்தக் கூடம் இல்லை.

அந்தப் பணத்தில் பெண்களுக்கு இரண்டு கழிப்பறை கட்டிக்கொடுங்கள், உள்ளே தாழ்ப்பாள், தண்ணீர்க் குழாய், ஒரு லைட்டோடு. நான் 34 வருஷம் டீச்சராக இருந்தேன். எங்கள் பகுதியில் ஒரு கூடத்துக்குத் தையல் வகுப்புக்கு வந்த பெண்கள் மூன்றே வாரத்தில் நின்றுவிட்டார்கள். ஆர்வம் இல்லை என்று எழுதி மூடினார்கள். நான் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஒதுங்க இடம் இல்லை, அதுதான் காரணம். ஒரு பெண்கூட அதைக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கோலாலம்பூர்க்காரன்

சரி ஆச்சி. கழிப்பறைதான். வேலைக்கு ஆள் பார்த்துச் சொல்லுங்கள்.

கோட்டையூர் வாசகன்

நம் பக்கத்தில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை 1909-இல் தொடங்கியது. பண்டிதமணி கதிரேசனார் அதற்கு உயிராக இருந்தார். காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் 1917-இல். பாரதி 1919-இல் அங்கே வந்து தங்கி, சங்கத்தை வாழ்த்திப் பாட்டும் எழுதினார். கையில் தடியோடு அவர் இருக்கும் படம் அந்தப் பயணத்தில் எடுத்ததுதான். இப்படிப்பட்ட சங்கங்கள் பெரிய மாளிகையை நம்பித் தொடங்கவில்லை. புத்தகம், பேப்பர், வாரத்துக்கொரு பேச்சு, பேச வருகிறவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு. ஊரில் இருக்கிற பத்துப் பேர் தினமும் வந்து உட்கார்ந்ததுதான் மூலதனம்.

காரைக்குடியில் கம்பன் கழகத்தை 1939-இல் தொடங்கிய சா. கணேசன், நிகழ்ச்சியைக் குறித்த நேரத்துக்குத் தொடங்கிக் குறித்த நேரத்துக்கு முடிப்பதில் கறாராக இருந்தவர். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் ஆறு மணிக்கு என்று சொல்லிவிட்டு ஏழேகாலுக்குத் தொடங்கும் கூடத்துக்கு, இரண்டாவது தடவை யாரும் வேலையை விட்டுவிட்டு வர மாட்டார்கள். எனவே உங்கள் கூடத்துக்கு என் யோசனை ஒன்றுதான். தினமும் ஒரே நேரத்தில் திறங்கள், யாரும் வராவிட்டாலும் திறங்கள். இரண்டு பேப்பர் போடுங்கள்.

நூலகத்தையும் விடாதீர்கள். சொத்து வரியில் ரூபாய்க்குப் 10 பைசா நூலக வரி என்று நாம் எல்லாரும் கட்டுகிறோம். பகுதி நேர நூலகம் ஒன்று கேட்டு மாவட்ட நூலக அலுவலகத்துக்கு எழுதிப் பாருங்கள். இடம் தயாராக இருப்பது உங்களுக்குப் பெரிய பலம்.

தெற்குத் தெரு

எல்லாரும் கட்டடத்தையும் பணத்தையும் பற்றிப் பேசுகிறீர்கள். நான் வேறொன்று கேட்கிறேன். கூடத்துக்குள் யார் உட்காரலாம்?

எங்கள் அப்பா ஒரு ஊர்க் கூடத்துக்கு வருஷா வருஷம் வெள்ளையடித்தவர். சுண்ணாம்பு கரைத்து, ஏணி கட்டி, மூன்று நாள் வேலை. அந்தக் கூடத்தில் நடந்த ஒரு கல்யாணப் பந்தியில்கூட அவர் உட்கார்ந்ததில்லை. பின்பக்கம் சமையல்கட்டு வாசலில் வாழை இலையைக் கையில் கொடுப்பார்கள். பத்தாவதில் நான் பள்ளியிலேயே முதலாவதாக வந்தபோது பரிசு கொடுத்ததும் அந்தக் கூடத்தில்தான். நான் மேடையில் நின்றேன், அப்பா வாசலிலேயே நின்றார். யாரும் தடுக்கவில்லை. யாரும் உள்ளே வாங்க என்று கூப்பிடவும் இல்லை.

இதே சீமையில்தான் சிராவயலில் ஜீவா ஆசிரமம் நடத்தினார். 1927-இல் காந்தி அங்கே வந்து அவரைப் பார்த்தார். சாதி பேதம் கூடாது என்று நின்ற மனிதர் அவர். நூறு வருஷம் ஆகப் போகிறது. பொதுப் பணத்தில் கட்டிய கூடத்தில் யாரையும் விலக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் விலக்குவதற்குப் பூட்டு வேண்டியதில்லை. "அன்னைக்கு வேற விசேஷம் இருக்கே" என்று ஒரு வார்த்தை போதும். அதனால்தான் சாவி யாரிடம் என்ற உங்கள் கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரண்டு சாவி போடுங்கள். ஒன்று எங்கள் மாதிரித் தெருவில் இருக்கட்டும்.

கிழக்கு ஊரணி

அண்ணே, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகு நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. எங்கள் எட்டுப் பேரில் உங்கள் தெரு மாதிரித் தெருவிலிருந்து ஒருவர்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இன்று காலையில் போய்ப் பேசினேன். மூன்று பேர் வருகிறேன் என்றார்கள். ஒருவர் எலக்ட்ரீஷியன். கூடத்து ஒயரிங் முழுக்க மாற்ற வேண்டும் என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டார்.

மண்டபம் மேனேஜர்

நான் தனியார் கல்யாண மண்டபத்தில் வேலை பார்க்கிறேன். மனசு நோகாமல் உண்மையைச் சொல்கிறேன். பேப்பர், வகுப்பு, பேச்சு எதிலும் பணம் வராது. மோட்டார் ரிப்பேர், கூரை ஒழுகல், செப்டிக் டேங்க் எல்லாம் பணம் கேட்கும். முகூர்த்த நாளில் வாடகைக்கு விட்டே ஆக வேண்டும். வைகாசி, ஆவணி, தையில் வருகிற வருமானத்தில்தான் மீதி வருஷம் ஓடும். பிள்ளைகள் வகுப்புக்காக முகூர்த்தத்தை விடாதீர்கள்.

பள்ளத்தூர் ஆச்சி

அப்படி விட்ட கூடத்தை நான் பார்த்திருக்கிறேன். இல்லம் தேடிக் கல்வி வந்த புதிதில், 2021 கடைசியில், சாயங்காலம் ஐந்து மணிக்கு இருபது பிள்ளைகள் ஒரு கூடத்தில் உட்கார்ந்து படித்தார்கள். தன்னார்வலர் பொண்ணு பக்கத்துத் தெருதான். தையில் வரிசையாக ஐந்து கல்யாணம். முதல் நாள் வந்த பிள்ளைகள் பந்தல்காரரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இரண்டாவது நாளும் அப்படியே. மாசியில் கூடம் காலியாக இருந்தது, பிள்ளைகள் வரவில்லை. சின்னப் பிள்ளைக்கு இன்றைக்கு உண்டா இல்லையா என்று சந்தேகம் வந்துவிட்டால் அவ்வளவுதான்.

தேவகோட்டைக் கணக்கு

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். நாங்கள் இதே சண்டையைப் போட்டுத்தான் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். பன்னிரண்டு வருஷமாக எங்கள் தெருச் சங்கத்துக் கணக்கை நான் எழுதுகிறேன். கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் இடத்தைப் பிரித்தோம். கூடத்துக்கு வாடகை உண்டு, திண்ணைக்கு இல்லை. திண்ணையும் அதை ஒட்டிய சின்ன அறையும் எந்த நாளும் யாருக்கும் வாடகைக்குக் கிடையாது என்று தீர்மானமே எழுதி மாட்டினோம். கூடத்தில் கல்யாணம் நடந்தாலும் அறையில் பிள்ளைகள் படிப்பார்கள். கல்யாண வீட்டார் ஒருவர்கூட இதுவரை கோபித்துக்கொண்டதில்லை. மாறாக, பாயசம் கொடுத்து அனுப்புகிறார்கள்.

அடுத்து, துக்க வீட்டுக்கு முன்னுரிமை. யார் வீட்டுச் சாவாக இருந்தாலும் பதினாறாம் நாள் வரை நாற்காலி, பந்தல் சாமான், பாத்திரம் இலவசம். ஒரு கூடத்தை ஊர் தன்னுடையது என்று நினைப்பது அந்தப் பதினாறு நாளில்தான் என்று என் அனுபவத்தில் பார்த்தேன். வாடகை கொடுத்தவர் கூடத்தை மறந்துவிடுகிறார். சாவுக்கு ஜமுக்காளம் வாங்கிப்போனவர் அடுத்த மாதம் தானாக வந்து குழாயைச் சரிசெய்கிறார்.

ஒரே நாளை இரண்டு வீட்டார் கேட்டால் சீட்டுப் போடுகிறோம். நாட்டரசன்கோட்டையில் தை மாதச் செவ்வாய்ப் பொங்கலுக்கு யார் முதல் பானை வைப்பது என்று பெயரைக் குடத்தில் போட்டு எடுப்பார்களே, அதே வழிதான். பெரிய வீடு, சின்ன வீடு என்ற பேச்சே எழவில்லை.

இனிக் கணக்கு. நம் பக்கத்துப் பெரியவர்கள் கொடுத்த பெரிய சொத்து ஐந்தொகை போடும் பழக்கம் என்று நான் நினைக்கிறேன். வரவு, செலவு, இருப்பு, வர வேண்டியது, கொடுக்க வேண்டியது எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். மாதம் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு அதைச் சத்தமாக வாசிக்கிறோம். அப்புறம் கரும்பலகையில் எழுதுகிறோம். போன மாதம் எழுதியது இப்படி இருந்தது: கல்யாண வாடகை இரண்டு, வளைகாப்பு ஒன்று, செலவில் மோட்டார் கேபாசிட்டர், துடைப்பம் நாலு, பால் கணக்கு, "கரண்டி 3 குறைகிறது, எடுத்தவர் வைத்துவிடவும்." அன்று சாயங்காலமே இரண்டு கரண்டி திண்ணையில் இருந்தது.

வாடகையை மட்டும் நம்பாமல் மகமையும் வைத்திருக்கிறோம். தெருவில் இருக்கும் பதினோரு கடையும் மாதம் ஒரு தொகை தரும், அவரவர் சக்திக்கு ஏற்ப. தனியாக ஒரு முதலும் போட்டு வைத்திருக்கிறோம். அந்த முதலைத் தொடுவதில்லை, வட்டியில்தான் பேப்பரும் கரண்டும். தர்மத்துக்கு முதல் கட்டிவைத்து அதன் வருமானத்தில் நடத்துவது நம்மவர்களுக்குப் புதிதில்லை. காசியில் 1813-இல் தொடங்கிய நாட்டுக்கோட்டை நகரச் சத்திரத்திலிருந்து விசுவநாதர் பூசைக்கான பொருள் "சம்போ" என்று அழைத்தபடி இன்றும் தினமும் போகிறது. இருநூறு வருஷத்துக்கு மேல் ஒரு காரியம் நிற்காமல் நடப்பதற்குப் பக்தியோடு சேர்த்துப் பேரேடும் காரணம்.

கோட்டையூர் வாசகன்

அருமை. இதைப் படிக்கும்போது குன்றக்குடி ஞாபகம் வருகிறது. அங்கே ஆதீனத் தலைவராக இருந்த அடிகளார் மடத்தையே ஊர் மன்றமாக்கி, வீடு வீடாகக் கணக்கெடுத்து, கிராமத் திட்டம் போட்டார். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தின் உதவியோடு சிறு தொழில்கள் வந்தன. அப்படி ஒருவர் முன்னால் நின்றால் எல்லாம் தானாக நடக்கும்.

பழைய கிளார்க்

அடிகளார் மேல் எனக்கும் பெரிய மரியாதை. ஆனால் அப்படி ஒருவர் வரட்டும் என்று நம் ஊர் கூடங்கள் காத்திருக்க முடியாது ஐயா. அவர் முதலில் செய்தது கணக்கெடுப்பு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை எட்டாவது படிக்கும் பிள்ளையும் செய்யலாம். எத்தனை வீடு, எத்தனை வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார், எத்தனை பிள்ளைகள் படிக்க இடமில்லாமல் இருக்கிறார்கள். கூடத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதை அந்த நோட்டு சொல்லிவிடும்.

ஆத்தங்குடி கைவேலை

நான் கல் போடுகிற வீட்டுப் பெண். தரையில் ஆத்தங்குடிக் கல் என்று எழுதியிருக்கிறீர்கள், அதைப் பற்றி மட்டும் சொல்ல வந்தேன். புறா எச்சத்தை ஆசிட் ஊற்றிக் கழுவிவிடாதீர்கள். நிறம் போய்விடும். வெறும் தண்ணீரில் ஊறவிட்டு, தென்னை நாரால் தேய்த்து எடுங்கள். பிறகு தேங்காய் எண்ணெய் ஒரு துணியில் தொட்டு லேசாகத் துடையுங்கள். இந்தக் கல்லை நாங்கள் கண்ணாடித் தகட்டின் மேல் வர்ணச் சிமெண்டை ஊற்றித்தான் வார்க்கிறோம், சூளையில் சுடுவதில்லை. அதனால் காலடி பட்டுப் பட்டுத்தான் மெருகு ஏறும். ஆள் நடமாடாத வீட்டில் இந்தக் கல் மங்கிவிடும். பூட்டிய வீடுகளுக்கு வேலைக்குப் போகும்போது தினமும் பார்க்கிறேன்.

இன்னொன்று. எங்கள் மகளிர் குழுக் கூட்டம் மாதம் இரண்டு தடவை ஒரு வீட்டு முகப்பில் நடக்கிறது. அந்த வீட்டு மாமியாருக்குப் பிடிக்காத பேச்சு வந்தால் நிறுத்திவிடுகிறோம். பொதுக் கூடம் இருந்தால் மனசுவிட்டுப் பேசலாம். பெண்களுக்கு மத்தியானம் இரண்டரை முதல் நாலரை வரைதான் ஓய்வு. நீங்கள் சாயங்காலம் மட்டும் திறந்தால் எங்களுக்கு அந்தக் கூடம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கிழக்கு ஊரணி

எல்லாருக்கும் நன்றி. ஐந்து வாரம் ஆகிவிட்டது, நடந்ததை எழுதுகிறேன்.

பதிவேட்டைப் பார்த்தோம், கூடம் ஊராட்சிச் சொத்துதான். கிராம சபையில் எழுதிக் கொடுத்துத் தீர்மானம் ஆகிவிட்டது. வாடகை ரசீது ஊராட்சி போடும், அன்றாடப் பராமரிப்பை ஊர்க் குழு பார்க்கும். குழுவில் பதினொரு பேர், ஐந்து பேர் பெண்கள். திண்ணையும் பக்கத்து அறையும் வாடகைக்கு இல்லை என்பதையும் தீர்மானத்தில் சேர்த்துவிட்டோம்.

மதுரைக்கு நானே போனேன். பெரியவர் சாவியை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தார். கையில் கொடுக்கும்போது, "நான் தொலைக்காம வச்சிருந்தேன்ல" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. திறக்கிற அன்று காரில் கூட்டிக்கொண்டு வந்து அவரைக் கொண்டே திறக்கச் சொன்னோம். அந்தப் பூட்டு திறக்கவில்லை, எண்ணெய் விட்டும் அசையவில்லை. ஆசாரி வந்து அறுத்தார். புதுப் பூட்டு, மூன்று சாவி. ஒன்று கீழத் தெருவில் எலக்ட்ரீஷியன் அண்ணனிடம், ஒன்று எதிர் டீக்கடையில் ஆணியில், ஒன்று மத்தியானக் கூட்டத்துக்கு வரும் மகளிர் குழுத் தலைவி அக்காவிடம். யார் எடுத்தாலும் டீக்கடை நோட்டில் பெயரும் நேரமும் எழுதுகிறார்கள்.

தரையைத் தென்னை நாரால் தேய்க்க இரண்டு நாள் ஆயிற்று. தெற்குத் தெரு அண்ணே, நீங்கள் சொன்னதை மனதில் வைத்து முதல் நாள் கூடத்துக்குள்ளேயே எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். இட்லி, கதம்பச் சட்னி, கேசரி. கையில் இலை வாங்கிப் போனவர் ஒருவரும் இல்லை.

பேப்பர் இரண்டு வருகிறது. நேற்று நோட்டில் கடைசி வரி: "சாயங்காலம் 5.10, பிள்ளைகள் 9 பேர், லைட் ஒன்று எரியவில்லை."

தெற்குத் தெரு

தம்பி, ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். வெள்ளை எப்படி அடித்திருக்கிறார்கள் என்று அவர் பார்க்க வேண்டுமாம்.